சட்டைக் கைப்பட்டிக்குள் அடங்கும் குரோனோகிராஃப்

முழுக்கைச் சட்டை அணிவோருக்கு ஒரு சிறு தொல்லை உண்டு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் தடித்ததாக இருந்தால், சட்டையின் கைப்பட்டி அதன் மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். நேரம் பார்க்க ஒவ்வொரு முறையும் பட்டியை விரலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். சில மாதங்களில் பட்டியின் விளிம்பு நைந்துவிடும். மணி, நிமிடம் மட்டும் காட்டும் சாதாரணக் கடிகாரங்களில் இத்தொல்லை குறைவு. நொடிகளை ஓடவிட்டு, நிறுத்தி, அளந்து காட்டும் குரோனோகிராஃப் வகையில்தான் அதிகம். அதிலும் பேட்டரியின்றிச் சுருள்வில்லின் விசையால் ஓடும் குரோனோகிராஃப் என்றால், கடைகளில் நமக்குக் காட்டப்படுவனவற்றுள் பல 13 முதல் 15 மி.மீ. வரை உயர்ந்து நிற்கும். எட்டுப் பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்வதற்கு நிகரானது அது.

சுருள்வில் குரோனோகிராஃபும் வேண்டும், அது கைப்பட்டிக்குள்ளும் அடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவ்வாறு கேட்பது நியாயமே. ஆனால் அந்தத் தடிமன் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவைக் குறைக்கலாம், குறைப்பதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பவற்றை அறிந்த பின்பு கடைக்குள் நுழைவது நல்லது.

ஜாலஹள்ளியும் ஒசூரும்

பெங்களூரில் வாழும் நமக்குக் கடிகாரம் அந்நியப் பொருள் அன்று. 1953இல் இந்நகரில் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் தொழில்நுட்ப உறவு கொண்டு 1961இல் கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதன்பின் எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து நடுத்தரக் குடும்பங்களின் மணிக்கட்டில் பல பத்தாண்டுகள் குடியிருந்தது. தேர்வில் தேறிய மகனுக்கும், முதல் சம்பளம் வாங்கிய மகளுக்கும், மாப்பிள்ளைக்கும் அதுவே பரிசு. ஜனதா, பைலட் போன்றவை தினமும் காலையில் சாவி கொடுத்து ஓடவிடும் கடிகாரங்கள். மெல்லிய உருவத்துக்குப் பெயர் பெற்றது சோனா. தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வகையும் எச்.எம்.டி.யில் உண்டு; எனினும் சாவி கொடுக்கும் வகைகள்தாம் சட்டைக் கைக்குள் ஓசையின்றி மறைந்தன.

மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று ஜாலஹள்ளியிலுள்ள அதன் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் அக்கடிகாரங்களை வரிசையாகக் காணலாம். குழந்தைகளை அழைத்துச் செல்லத் தக்க இடம். பேட்டரி இல்லாமல் கடிகாரம் ஓடும் என்பதை நம்ப மறுக்கும் வயதில் அவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

இங்கிருந்து 40 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டு எல்லைக்குள், ஒசூர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஆலை அங்கே எழுந்தது. அந்நிறுவனம் 2002இல் வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. மட்டுமே, உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மி.மீ. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் கனத்துக்குள் இயந்திரம், பேட்டரி, முகப்பு, முட்கள், கண்ணாடி, பின்மூடி யாவும் அடக்கம். 30 மீட்டர் நீர்த்தடுப்பும் உண்டு. மெலிவு என்றால் என்ன என்று அறிய விரும்புவோர் அதனை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் எட்ஜ் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம். அதில் நேரத்தைப் பகுப்பது ஒரு படிகத் துண்டும் மின்சுற்றும். பற்சக்கரங்களுக்கு வேலை குறைவு. சுருள்வில், பேலன்ஸ் சக்கரம், அதற்குமேல் நிறுத்து கடிகாரத்தின் நெம்புகோல்கள் என்று வந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல்: 2019இல் இத்தாலியப் பெயர் தாங்கிய புல்காரி நிறுவனம், தானே சாவி ஏறும் குரோனோகிராஃப் வகையில் உலகிலேயே மெல்லியது என்று ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. அதன் இயந்திரம் மட்டுமே 3.3 மி.மீ. ஒசூரின் முழுக் கடிகாரத்துக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

தடிமன் எங்கே ஒளிந்திருக்கிறது?

குரோனோகிராஃப் என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் ‘காலத்தை எழுதுவது’. 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் பயன்படுத்திய கருவி உண்மையிலேயே எழுதியது: குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டும்போது சுழலும் தட்டின் மீது மைப்புள்ளி வைத்தது. மைப்புள்ளி போய் முள் வந்தது. ஓடிய முள்ளை ஒரே அழுத்தத்தில் சுழிக்குத் திருப்பும் வழி 1844இல் அடோல்ஃப் நிக்கோல் பெற்ற காப்புரிமையில் இருக்கிறது. இதய வடிவில் வெட்டிய ஒரு சிறு தகடு. அதன் மீது சுத்தி போன்ற நெம்புகோல் ஒன்று விழுந்தால், தகடு எந்தக் கோணத்தில் நின்றிருந்தாலும் உருண்டு தன் பள்ளத்துக்கு வந்து சேரும். முள்ளும் சுழிக்கு வந்துவிடும். இன்றுவரை சுருள்வில் குரோனோகிராஃப்களில் இந்த இதயம்தான் வேலை செய்கிறது.

இத்தனையும் எங்கே வைப்பது? சாதாரணக் கடிகார இயந்திரத்தின் மேல் இன்னொரு மாடி கட்டுவது போன்றது குரோனோகிராஃப். ஓடு, நில் என்று ஆணையிடத் தூண் சக்கரம் போன்ற ஓர் உறுப்பு வேண்டும். கோட்டைக் கொத்தளம் போல மேலே பற்கள் நிற்கும் சக்கரம் அது. ஓடும் சக்கரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் இணைக்கவும் பிரிக்கவும் ஸ்கூட்டரில் இருப்பது போன்ற கிளட்ச் வேண்டும். நொடி முள்ளுக்கும் நிமிட முள்ளுக்கும் தனித்தனி இதயத் தகடுகள் வேண்டும். இவற்றைத் தாங்கத் தனிப் பாலம் வேண்டும். ஆட்டோமேட்டிக் வகை என்றால், இவற்றுக்கெல்லாம் மேலே அரைவட்டமாக ஓர் எடைத்தகடு சுழல வேண்டும். முகப்பின் பக்கமும் இடம் தேவை: மணி முள், நிமிட முள், அவற்றின் மேல் நீண்ட நொடி முள். மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் செல்ல இடைவெளி, அதற்குமேல் கண்ணாடி.

குரோனோகிராஃபைத் தேடுவோர் சந்தையில் அதிகம் சந்திப்பது வல்ஷூ 7750 என்ற சுவிஸ் இயந்திரத்தையோ அதன் வழித்தோன்றல்களையோதான். 1970களின் முற்பகுதியில் வந்த வடிவம், உழைப்பாளி, எந்தத் தேர்ந்த கைவினைஞரும் பழுதுபார்ப்பார். ஆனால் அது 7.9 மி.மீ. உயரம். அதனைச் சுற்றிக் கூடும் கண்ணாடியும் சேர்ந்தால் 14 மி.மீ. ஆகிவிடுவதில் வியப்பில்லை. அதனைக் குறைகூறுவது அறம் அன்று. மெலிவுக்காகப் படைக்கப்பட்டது அல்ல அது.

1969ஆம் ஆண்டு ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபுக்கு முக்கியமானது. சுவிட்சர்லாந்தில் ஹோயர், பிரைட்லிங் முதலியோர் சேர்ந்த அணி ஒன்று, ஜெனித் மற்றொன்று, ஜப்பானின் சைகோ மூன்றாவது என, மூவரும் அவ்வாண்டிலேயே தத்தம் இயந்திரத்தை அறிவித்தனர். முதல் அணியினர் நுண் எடைத்தகடு கொண்ட இயந்திரத்தின் மேல் நிறுத்து கடிகாரத்தைத் தனி அடுக்காகப் பொருத்தினர், 7.7 மி.மீ. ஆனது. ஜெனித் தனது ‘எல் பிரிமெரோ’வில் குரோனோகிராஃபை இயந்திரத்தோடு இயந்திரமாகவே வரைந்து 6.5 மி.மீ.க்குள் அடக்கியது. அடுக்கிக் கட்டுவதற்கும் சேர்த்தே வரைவதற்கும் உள்ள வேறுபாடு அந்த 1.2 மி.மீ. (பின்னாளில் நிர்வாகம் எல் பிரிமெரோவைக் கைவிட்டபோது, ஷார்ல் வெர்மோ என்ற ஊழியர் அதன் அச்சுகளையும் வரைபடங்களையும் ஆலையின் பரணில் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். மேலதிகாரியின் ஆணையை மீறிய ஊழியரை நமது துறையில் இப்படிப் புகழ முடியாது; கடிகாரத் துறைக்கு அந்தச் சலுகை உண்டு.)

1980களின் பிற்பகுதியில் ஃபிரெடெரிக் பிகே என்ற சுவிஸ் பட்டறை இதனினும் ஒருபடி இறங்கியது. அதன் 1185 என்னும் ஆட்டோமேட்டிக் இயந்திரம் 5.5 மி.மீ. அதே இயந்திரத்தின் சாவி கொடுக்கும் வடிவமான 1180 வெறும் 3.95 மி.மீ. இவ்விரண்டு எண்களையும் வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். இயந்திரம் ஒன்றே, கைப்பட்டிக்குள் ஒன்றரை மில்லிமீட்டரைத் தின்பது எடைத்தகடும் அதனைச் சார்ந்த சக்கரங்களும் மட்டுமே. ஆக, மெலிந்த குரோனோகிராஃப் வேண்டுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த நிறுவனம்?’ என்பது அன்று. ‘தினமும் காலையில் சாவி கொடுக்க எனக்குச் சம்மதமா?’ என்பதே. எச்.எம்.டி. கட்டி வளர்ந்தவர்களுக்கு அது புதிய வேலையும் அன்று.

புல்காரி இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. எடைத்தகட்டை இயந்திரத்தின் மேல் வைக்காமல் அதன் விளிம்பைச் சுற்றி மோதிரம் போல ஓடவிட்டது. கடிகாரம் முழுவதும் 6.9 மி.மீ. ஆயிற்று. விலை பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டியது. மெலிவுக்கு இறுதி எல்லை இது என்று காட்டவே இதனைக் குறிப்பிடுகிறோம். வாங்கச் சொல்லி அன்று.

அளவு நாடாவில் ஒன்று, மணிக்கட்டில் வேறொன்று

விளம்பரத் தாளில் உள்ள தடிமன் எண் பாதி உண்மையே. அப்போலோ விண்வெளி வீரர்கள் அணிந்து சென்றதால் புகழ்பெற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் சாவி கொடுக்கும் குரோனோகிராஃப். இன்றைய வடிவத்தின் உயரம் ஏறக்குறைய 13 மி.மீ. எண்ணைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். அணிந்து பார்த்தவர்களோ அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை என்கிறார்கள். காரணம் அவ்வுயரத்தின் ஒரு பகுதி குவிந்த கண்ணாடி; அது பட்டியை வெட்டாமல் வழுக்கிச் செல்ல விடுகிறது. நடுக்கூடு மெலிந்தது. வார் மாட்டும் கொம்புகள் கீழ்நோக்கி வளைந்து மணிக்கட்டைத் தழுவுகின்றன.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயந்திரத்தின் அச்சுகளைச் சீனாவின் தியான்ஜின் ஆலை 1960களின் தொடக்கத்தில் வாங்கியது. சீன விமானப்படைக்குக் குரோனோகிராஃப் செய்வதே நோக்கம். அதன் வழிவந்த சீ-கல் எஸ்.டி. 19 இயந்திரம் இன்று உலகெங்கும் சிறு நிறுவனங்களின் கடிகாரங்களுக்குள் ஓடுகிறது. தூண் சக்கரம் உடையது, சாவி கொடுப்பது, உயரம் 6 மி.மீ.க்குள், விலையோ சுவிஸ் இயந்திரங்களின் சிறு பங்கு. எனினும் அதே இயந்திரத்தைக் கொண்ட சில கடிகாரங்கள் 12 மி.மீ.ஐத் தாண்டுகின்றன. மேலே உயர்ந்த கண்ணாடி, கீழே இயந்திரத்தைக் காட்டுவதற்காக மற்றொரு கண்ணாடிப் பின்மூடி. இயந்திரத்தில் மிச்சப்பட்டது கூட்டில் செலவாகிவிடுகிறது. பின்மூடி வழியே சக்கரங்களைக் காண்பது இன்பமே. ஆனால் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்க்கும்போது மட்டும் கிடைக்கும் இன்பத்துக்காக நாள் முழுதும் ஒரு மில்லிமீட்டரைச் சுமக்கலாமா என்பதை வாங்குபவர் முடிவு செய்ய வேண்டும். எங்கள் எண்ணத்தில், மெலிவே குறிக்கோள் என்றால் உலோகப் பின்மூடியே தகும்.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். கடிகாரத்தைப் பக்கவாட்டில் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். நடுவே சாவித் திருகு, அதன் இருபுறமும் குரோனோகிராஃபின் பொத்தான்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் சேர்த்தே வரைந்த இயந்திரம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். சாவித் திருகு தாழ்ந்தும் பொத்தான்கள் உயர்ந்தும் இருந்தால், அது சாதாரண இயந்திரத்தின் மேல் தனி அடுக்கைப் பொருத்தியது. அடுக்கியது கெட்டது என்பதில்லை. ஆனால் பிற்காலத்தில் பழுது வந்தால் பல பட்டறைகள் அவ்வடுக்கைத் திறக்காமல் முழுதாக மாற்றிவிடவே விரும்பும். செலவு அதற்கேற்ப வரும்.

அடுத்தது கொம்பு முனையிலிருந்து கொம்பு முனை வரையுள்ள நீளம். மணிக்கட்டின் தட்டையான மேற்பரப்பைவிட அது நீண்டால், எவ்வளவு மெல்லிய கடிகாரமும் தட்டு வைத்தது போல நிற்கும். கைப்பட்டி அதன் முனையில் மாட்டும். வாரும் கணக்கில் வரும். உலோகச் சங்கிலியின் எடை கடிகாரத்தை மணிக்கட்டின் வெளிப்புறமாகச் சாய்க்கிறது. மெல்லிய தோல் வார் அதனை நடுவில் நிறுத்துகிறது. பெங்களூரின் தட்பவெப்பத்தில் தோல் வார் ஓரளவு நீடிக்கும். சென்னை வாசகர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

ஒரு பரிசுக்கான தேடல்

எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போடாமல் கூண்டுக்குள் அமர்ந்ததில்லை அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓட்டத்துக்கு நேரம் குறிக்கும் நடுவர். பிரிவுபசாரத்துக்காக நாங்கள் சேர்த்த தொகை நாற்பதாயிரம் ரூபாய். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “சாவி கொடுக்குற வாட்ச், நொடி அளக்கணும், சட்டைக்குள்ள போகணும். இருந்தா பாருங்க சார், இல்லன்னா வேண்டாம்” என்றார்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. அப்படி நான்கு சனிக்கிழமைகளை மகாத்மா காந்தி சாலையிலும் கமர்ஷியல் தெருவிலும் சிக்பேட்டையிலும் செலவிட்டோம். பெரிய காட்சியகங்களில் எங்கள் தொகைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் குவார்ட்ஸ் குரோனோகிராஃப்கள். அழகானவை, மெலிந்தவையும் இருந்தன, சாவி கொடுக்க இயலாதவை. தொகையை மும்மடங்காக்கினால் 7750 குடும்பத்து ஆட்டோமேட்டிக் கிடைத்தது. அது 14 மி.மீ.

சிக்பேட்டைச் சந்தொன்றில் பழைய சுவிஸ் குரோனோகிராஃப் ஒன்று எங்களை மயக்கியது. 1960களைச் சேர்ந்தது என்றார்கள். 11 மி.மீ.க்கும் குறைவு, நாங்கள் தேடியது அதுவே என்று தோன்றியது. பொத்தானை அழுத்தி ஓடவிட்டோம். ஓடியது. நிறுத்தினோம், நின்றது. சுழிக்குத் திருப்பினோம், முள் சுழிக்கு வராமல் இரண்டு நொடி தள்ளி நின்றது. மறுபடியும் செய்தால் மூன்று நொடி. இதயத் தகடோ முள்ளின் பிடியோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். முகப்பை உருப்பெருக்கியால் பார்த்தபோது எழுத்துகளின் விளிம்பு மங்கியிருந்தது. புதிதாக வண்ணம் பூசியது. பழைய எச்.எம்.டி. கடிகாரங்களிலும் இத்தகைய மறுவண்ணம் இன்று மிகுதி. விற்பவர் அதனைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. இவர் கேட்டபோதுதான் சொன்னார். ஓட்டப்பந்தயத்தில் மூன்று நொடி என்பது முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள தூரம். விட்டுவிட்டு வந்தோம்.

இறுதியில் வாங்கியது, மேலே கூறிய சீ-கல் இயந்திரத்தைக் கொண்ட புதிய கடிகாரம். தட்டைக் கண்ணாடி, உலோகப் பின்மூடி, 38 மி.மீ. விட்டம், உயரம் 11 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். உலகச் சாதனை ஒன்றுமில்லை. ஆனால் காசாளர் அதனைக் கட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, நோட்டுக் கட்டை எண்ணும் பாவனையில் கையை நான்கைந்து முறை அசைத்துப் பார்த்தார். கைப்பட்டி சிக்கவில்லை. ஓடவிட்டு நிறுத்தி, சுழிக்குத் திருப்பிப் பத்து முறை சோதித்த பின்புதான் நன்றி சொன்னார். காசு எண்ணுபவரிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது?

அவர் அதற்குப் பின் கேட்ட ஒரே ஐயம், முகப்பின் விளிம்பில் எழுதியிருந்த எண்கள் எதற்கு என்பது. அது வேகம் காட்டும் அளவுகோல். ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் நிற்கும் இடத்தில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். 36 நொடி என்றால் 100. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேலானால் அளவுகோல் முடிந்துவிடும். ஆகவே சில்க் போர்டு சந்திப்பின் அருகில் அதற்கு வேலையில்லை.

மெலிவின் விலை

தடிமனைக் குறைக்கும்போது வேறு சிலவும் குறைகின்றன. சுருள்வில் குறுகினால் சாவி தாங்கும் நேரம் குறையலாம். தகடுகள் மெலிந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறையும். திருகுகள் சிறுத்தால் அவற்றைத் தொடத் துணியும் கைகளும் குறையும். மிக மெல்லிய குரோனோகிராஃப் ஒன்றைத் துப்புரவு செய்து எண்ணெயிட அதனைத் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்ப நேரலாம். சாதாரணக் கடிகாரத்துக்கு ஆவதைப் போலப் பல மடங்கு செலவாகும். வாங்கும் முன்பே, ‘இதனை இவ்வூரில் யார் திறப்பார்கள், உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்’ என்று கேட்டுவிடுவது நல்லது. விடை மழுப்பலாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் தடித்ததையே தேர்ந்தெடுங்கள்.

நீர்த்தடுப்பு குறித்தும் ஒரு சொல். குரோனோகிராஃபில் சாவித் திருகோடு பொத்தான்களுக்கும் சேர்த்துக் கூட்டில் துளைகள் உண்டு. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் கைகழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டும் கொள்ள வேண்டும், நீந்துவதற்கு அன்று. ஈரத்தில் பொத்தானை அழுத்துவது பொதுவாகக் கூடாது. மடிக்கணினி மூடியிலும் கைபேசி உறையிலும் உள்ள காந்தமும் பகையே. கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கினால் முதலில் ஐயப்பட வேண்டியது அதனைத்தான். காந்தம் நீக்கச் சில நிமிட வேலை போதும்.

பணத்தைப் பற்றி. இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் தர வேண்டும்; இரண்டு இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது விற்பவருக்குச் சட்டப்படி தடை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 விழுக்காடு வரியை வாங்குபவரிடம் வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அது கூடுதல் செலவன்று, வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளத் தக்கது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான சுங்கவரி அதன்படி ஆண்டுதோறும் படிப்படியாகக் குறையும். விலையுயர்ந்த ஒன்றை எண்ணியிருப்போர் அவசரப்படத் தேவையில்லை.

‘இது முதலீடு, விலை ஏறும்’ என்று விற்பனையாளர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஏறியவை சில உண்டு, இறங்கியவை பல. வைப்புத்தொகைச் சான்றிதழைப் போலக் கடிகாரத்துக்கு முதிர்வுத் தேதி கிடையாது. தனிநபர் கடன் வாங்கிக் கைக்கடிகாரம் வாங்குவதை, கடன் வழங்கும் இருக்கையில் அமர்ந்திருந்தும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பதினெட்டு மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால் அது முதிர்வதற்குள் எந்தத் தடிமன் நமக்கு ஏற்றது என்பதும் தெளிந்துவிடும்.

வாங்கிய பின் வரிசை எண் குறித்த ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படியெடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீட்டில் விலையுயர்ந்த கடிகாரம் தானாக அடங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். தனியாக அறிவிக்க வேண்டியிருக்கும். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போர், தீ, திருட்டு முதலியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை மட்டுமே என்ற ரிசர்வ் வங்கி விதியை அறிந்திருக்க வேண்டும். பெட்டகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் சுருள்வில் கடிகாரத்தின் எண்ணெய் இறுகும். மாதம் ஒருமுறையேனும் எடுத்து, முழுச் சாவி கொடுத்து, குரோனோகிராஃபைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சுழிக்குத் திருப்புங்கள். முள் நேராகச் சுழியில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு நொடி தள்ளி நின்றாலும் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.